ஆல்புகர்க்கி க்ரூயே ஒயினரி: உயரம், நுரை, பிறகு லேபிளில் இருக்கும் ஊர்ப் பெயர்

வைகைக்கரை:
வணக்கம். அக்டோபரில் டல்லாஸில் இருந்து காரில் நியூ மெக்சிகோ போகிறோம். நானும் மனைவியும், கூடவே மதுரையில் இருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். ஆல்புகர்க்கியில் பலூன் திருவிழா, அப்புறம் சான்டா ஃபே. நடுவில் க்ரூயே ஒயினரிக்கு அரை நாள் ஒதுக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. மனைவிக்கு ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது நுரைக்கிற ஒயின், பிடிக்கும். எனக்கு பியரைத் தாண்டி ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் இருவரும் தொடமாட்டார்கள்.

எங்கே படித்தாலும் "உயரமான இடத்து ஒயினரி" என்று போட்டிருக்கிறது. உயரம் சுவையில் நிஜமாகவே ஏதாவது செய்கிறதா, இல்லை டூரிஸ்ட் பேச்சா? தோட்டத்துக்குள் நடந்து பார்க்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு:
இந்த ஊர்க்காரன் என்பதால் முதலில் உங்கள் தோட்டக் கனவைக் கலைத்துவிடுகிறேன். க்ரூயே இருப்பது ஐ-25 நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில். ஒரு பக்கம் லாரிச் சத்தம், இன்னொரு பக்கம் தூரத்தில் சாண்டியா மலை. கட்டடத்தைப் பார்த்தால் பிரெஞ்சுப் பண்ணை வீட்டைக் கொண்டுவந்து சாலையோரம் வைத்த மாதிரி இருக்கும். கொடி வரிசைகளுக்கு நடுவே கையில் கிளாஸோடு போட்டோ எடுக்க நினைத்திருந்தால் அது இங்கே நடக்காது. அவர்களை ஊரறியச் செய்த தோட்டம் தெற்கே சுமார் 170 மைல் தள்ளி, எங்கிள் என்ற இடத்தில்.

ஆனாலும் போகலாம். அந்தக் குடும்பத்தின் கதைக்காகவே போகலாம். கில்பெர் க்ரூயே பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் பெத்தோன் என்ற கிராமத்துக்காரர். 1952இல் அங்கே சொந்தமாக ஷாம்பெய்ன் நிறுவனம் தொடங்கியவர். 1983இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் தென்மேற்கைச் சுற்றிப் பார்க்க வந்தார். பாலைவனத்தின் நடுவே ஐரோப்பியர் சிலர் திராட்சை போட்டிருப்பதைப் பார்த்தார். அடுத்த வருடமே மகன் லொரானும் மகள் நத்தாலியும் இங்கே வந்து ஷார்டனே, பினோ நுவார் என்ற திராட்சை வகைகளை நட்டார்கள். முதல் பாட்டில் விற்பனைக்கு வந்தது 1989இல். பிரெஞ்சுக் கிராமத்தில் இருந்து வந்த இளம்பிள்ளைகள், கூட நத்தாலியின் கணவர் ஃபரித் ஹிமூர், சுற்றிலும் கள்ளியும் காட்டு முயலும். இவர்கள் செய்ததை நியூ யார்க் உணவகங்கள் வாங்கிப் பட்டியலில் போட்டன. எங்கள் ஊரில் பெருமைப்பட இருக்கும் சில விஷயங்களில் இது ஒன்று.

சும்மாகேட்டேன்:
அப்போது இது ஹைவே ஓரத்து ஃபேக்டரி. திராட்சை 170 மைலுக்கு அப்பால். இதில் "உயரமான இடம்" எங்கே வந்தது?

மணல்மேடு:
ஆல்புகர்க்கியே கடல் மட்டத்தில் இருந்து 5,000 அடிக்கு மேல். மீட்டரில் 1,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிள் தோட்டம் சுமார் 4,300 அடி, 1,300 மீட்டர். ஆலையும் உயரம், தோட்டமும் உயரம். உங்களுக்கு எது வேண்டும்?

வேதிக்கிறுக்கன்:
இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆலை எந்த உயரத்தில் இருந்தால் என்ன? தொட்டிக்குக் குளிரூட்டி உண்டு, கிடங்குக்கு ஏசி உண்டு. உயரம் வேலை செய்வது கொடியில்.

வைகைக்கரைக்குப் புரியும்படி அவர் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். டல்லாஸும் எங்கிளும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 33 டிகிரிக்குப் பக்கம். ஷாம்பெய்ன் பகுதி 49. கணக்குப்படி எங்கிளில் நல்ல ஸ்பார்க்ளிங் ஒயினுக்கான திராட்சை விளையவே கூடாது. ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதோடு பாலைவனக் காற்றில் ஈரம் கிடையாது. பகலில் மண் வாங்கிய சூட்டை ராத்திரி பிடித்துவைக்க மேகமும் இல்லை, ஈரப்பதமும் இல்லை. ஆகஸ்ட் ராத்திரியில் டல்லாஸ் 25 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அங்கே இருபதுக்குக் கீழே போய்விடும். பகலுக்கும் இரவுக்கும் 15, 16 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம்.

இதனால் என்ன லாபம்? பழுக்கும்போது திராட்சை தன்னிடம் உள்ள மாலிக் அமிலத்தை மூச்சுவிடுவதற்காகச் செலவழிக்கும். சூடு கூடினால் செலவும் கூடும். ராத்திரி குளிர்ந்தால் செலவு குறைகிறது, புளிப்பு மிஞ்சுகிறது. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. புளிப்பில்லாத ஒயினில் நுரை ஏற்றினால் ஆறிப்போன சோடா.

இன்னொன்று, இந்த வகைக்குப் பழத்தை முழுதாகப் பழுக்க விடுவதில்லை. சாதாரண ஒயினுக்கு 100 கிராம் சாறில் 23, 25 கிராம் சர்க்கரை வரும்வரை காத்திருப்பார்கள். இதற்கு 18, 19 வந்தாலே பறிப்பு. வெப்பமான சமவெளியில் அந்த அளவில் பறித்தால் புளிப்பும் போயிருக்கும், மணமும் வந்திருக்காது. உயரத்தில் வெயில் உறைக்கும், ராத்திரி குளிரும். அதனால் மணமும் புளிப்பும் ஒரே நேரத்தில் கைக்கு வரும். புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தோல் தடிக்கும். அது சிவப்பு ஒயின்காரர்களுக்குத்தான் பெரிய விஷயம், இங்கே சாற்றை உடனே பிழிந்து தோலைத் தள்ளிவிடுவார்கள்.

காற்று வறண்டிருப்பதால் பூஞ்சைத் தொல்லையும் குறைவு. மழையை நம்பி இருப்பவர்கள் மருந்தடிக்கும் அளவுக்கு இவர்களுக்குத் தேவைப்படாது.

மணல்மேடு:
எல்லாம் சரிதான், சொர்க்கம் மாதிரி எழுதிவிட்டீர்கள். அங்கே வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் பெய்தால் அதுவே நல்ல மழை. சொட்டு நீர் இல்லாமல் ஒரு கொடி நிற்காது. பக்கத்தில் எலிஃபென்ட் பியூட் அணை, 1916இல் கட்டி முடித்தது, இப்போது நீர்மட்டத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. விவசாயியைத் தூங்கவிடாத இன்னொன்று வசந்தகாலப் பனி. மார்ச்சில் வெயில் அடித்ததும் கொடி ஏமாந்து துளிர் விட்டுவிடும். ஏப்ரலில் ஒரு ராத்திரி உறைபனி வந்தால் அந்த வருட மகசூலில் பாதி போச்சு. வேதி ஐயா புகழ்ந்த அதே "வெட்டவெளி ராத்திரி"தான் இதையும் செய்கிறது.

வைகைக்கரை, நீங்கள் திரும்பும்போது எல் பாசோ வழியாகப் போவதாக இருந்தால் ஐ-25இல் ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் என்ற ஊர் வரும். ஆமாம், பெயரே அதுதான். ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று நல்ல பெயர் இருந்தது. 1950இல் ஒரு ரேடியோ நிகழ்ச்சியின் பெயரை வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து கிழக்கே பதினேழு மைல் போனால் எங்கிள். ஒரு காலத்தில் ரயில் நின்ற ஊர், இப்போது ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்பேஸ்போர்ட் அமெரிக்காவுக்குப் போகிற சாலையும் அந்த வழிதான். ராக்கெட் பார்க்கப் போகிறவர்கள் திராட்சையைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் அங்கே சுவைக்கூடம் எதுவும் கிடையாது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்காகப் பெரியவர்களை இழுத்துப் போகாதீர்கள்.

ஆல்ப்ஸ்காரி:
ஜூரிக்கில் இருந்து எட்டிப் பார்க்கிறேன். வேதி அண்ணா சொன்ன "ஆலையா, கொடியா" கேள்விக்கு ஐரோப்பாவில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது.

இத்தாலியின் தெற்கு டிரோலில் மோல்ட்டன் என்ற மலைக்கிராமம். அங்கே அருண்டா என்ற நிறுவனம், யோசெஃப் ரைட்டரர் 1979இல் தொடங்கியது. ஐரோப்பாவிலேயே உயரத்தில் உள்ள ஸ்பார்க்ளிங் ஒயின் நிலவறை என்று சொல்லிக்கொள்கிறார்கள், 1,200 மீட்டர். ஆனால் அந்த உயரத்தில் அவர்களுக்குத் திராட்சை கிடையாது. கீழே டெர்லானோ பக்கச் சரிவுகளில் விளைவதை மேலே கொண்டுவந்து பாட்டிலில் வைத்துத் தூங்க விடுகிறார்கள். குளிர்ந்த மலைக் காற்று, நிலவறைக்குள் ஏறி இறங்காத வெப்பநிலை, நிதானமான ஈஸ்ட், இதுதான் அவர்கள் வாதம்.

மறுபக்கம் மோன் ப்ளாங் மலையடியில் ஆவோஸ்தா பள்ளத்தாக்கு. மோர்ஜே, லா சால் என்று இரண்டு ஊர். அங்கே கொடியே 900 முதல் 1,200 மீட்டர் வரை ஏறி நிற்கிறது. ப்ரியே பிளாங் என்ற உள்ளூர் வெள்ளைத் திராட்சை. திராட்சை வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி அந்த உயரத்துக்கு வராததால் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே வளர்க்கிறார்கள். பந்தல் இடுப்பளவுதான்; பனியில் இருந்து காப்பாற்ற மண்ணின் சூடு எட்டும் உயரத்தில் போட்டது. அறுவடைக்குக் குனிந்து குனிந்து முதுகு போய்விடும். ஊர்க்காரர்களின் கூட்டுறவு ஆலை ஒன்று இதில் ஸ்பார்க்ளிங் செய்கிறது. ஒரு வகையை ரோப்காரில் ஏற்றி 2,173 மீட்டரில் உள்ள பவியோன் நிலையத்தில் நொதிக்க வைக்கிறார்கள்.

என் கட்சி மோர்ஜே கட்சி. கொடி கஷ்டப்பட்டிருக்க வேண்டும், பாட்டில் கஷ்டப்பட்டு என்ன ஆகப்போகிறது?

வேதிக்கிறுக்கன்:
ரோப்காரில் ஏற்றுவது விளம்பரம். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிற பாட்டிலுக்கு வெளியே 0.8 இருந்தால் என்ன, 1 இருந்தால் என்ன? குளிரும் நிதானமும் உதவும், ஒத்துக்கொள்கிறேன். அதை சென்னையில் கூட ஒரு குளிர்பதனக் கிடங்கில் செய்யலாம்.

ஆல்ப்ஸ்காரி:
செய்யலாம். கரண்ட் பில்லை நீங்கள் கட்டுவதாக இருந்தால்.

சும்மாகேட்டேன்:
சரி, கொடிதான் முக்கியம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. இப்போது நேற்று கடையில் க்ரூயே ப்ரூட் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பக்கம் "அமெரிக்கன்" என்று போட்டிருக்கிறது. "நியூ மெக்சிகோ" என்று இல்லை. 1,300 மீட்டர், குளிர்ந்த ராத்திரி, மாலிக் அமிலம் என்று இவ்வளவு பேசினீர்களே, அந்தப் பாட்டிலுக்குள் அந்த ராத்திரி இருக்கிறதா?

வேதிக்கிறுக்கன்:
இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். அமெரிக்கச் சட்டப்படி லேபிளில் மாநிலத்தின் பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 75 சதவீதத் திராட்சை அந்த மாநிலத்தில் விளைந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா தனக்கு 100 என்று வைத்திருக்கிறது. நாபா மாதிரி வரையறுத்த பகுதியின் பெயர் போட 85. "அமெரிக்கன்" என்று மட்டும் போட்டால் நாட்டில் எங்கே விளைந்ததையும் சேர்க்கலாம். கலக்குவது குற்றமில்லை, ஷாம்பெய்னிலேயே பல ஊர்த் திராட்சையைக் கலப்பதுதான் வழக்கம். ஆனால் "உயரம்" என்று சொல்லி விற்றால் நாமும் லேபிளைப் படிக்க வேண்டும்.

மணல்மேடு:
மறைக்க ஒன்றும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2014இல் சியாட்டிலைச் சேர்ந்த ப்ரிசெப்ட் ஒயின் நிறுவனம் க்ரூயேயை வாங்கியது. நாடு முழுக்க விற்க வேண்டும் என்றால் பாலைவனத் தோட்டத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரு ஏப்ரல் பனி கணக்கையே கவிழ்த்துவிடும். எனவே மலிவான, எல்லாக் கடையிலும் கிடைக்கும் வகைகளில் இப்போது "அமெரிக்கன்". லொரான் க்ரூயே 2020இல் வெளியே வந்து, இதே ஊரில் வாரா என்ற இன்னொரு ஒயினரியில் சேர்ந்தார்.

எனக்கு இதில் கோபம் கிடையாது. இருபது டாலருக்குள் இவ்வளவு ஒழுங்காகச் செய்த பாட்டில் அமெரிக்காவில் குறைவு. ஆனால் இவ்வளவு தூரம் காரில் வருகிறவர் டல்லாஸ் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைப்பதை இங்கே வந்து குடித்துவிட்டுப் போனால் எனக்கு வருத்தம். கவுண்டரில் நேராகக் கேளுங்கள்: "நியூ மெக்சிகோ என்று லேபிளில் போட்டது எது எது?" கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சான்டா ஆனா பழங்குடியினரின் நிலத்தில் தமயா என்ற தோட்டம் இருக்கிறது, நகரத்துக்கு வடக்கே, ரியோ கிராண்டே ஓரம், 5,000 அடி உயரம். அங்கே விளைந்தது ஏதாவது திறந்திருந்தால் விடாதீர்கள்.

வைகைக்கரை:
இது எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி. ப்ரூட், பிளாங் தெ நுவார், சொவாஜ், டெமி செக் என்று பட்டியல் நீளமாக இருக்கிறதே. என்னை மாதிரி பியர்க்காரன் எதில் தொடங்குவது?

ஆல்ப்ஸ்காரி:
கடைசியில் சேர்க்கும் சர்க்கரையின் அளவுதான் பாதிப் பெயர்கள். சொவாஜ் என்றால் சர்க்கரையே சேர்க்காதது. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள். டெமி செக் என்றால் 32இல் தொடங்கி 50 வரை. பிளாங் தெ நுவார் வேறு கணக்கு: கறுப்புத் தோல் திராட்சையை, இங்கே பினோ நுவாரை, தோல் ஊறாமல் பிழிந்து எடுத்த வெளிர் ஒயின். கொஞ்சம் சதைப்பற்று இருக்கும்.

பியர்க்காரருக்கு என் சிபாரிசு சொவாஜ். கசப்புக்கும் வறட்சிக்கும் பழகிய நாக்கு உங்களுடையது. இனிப்பில் தொடங்கினால் "என்ன ஜூஸ் மாதிரி இருக்கிறது" என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். வரிசை முக்கியம்: சர்க்கரை இல்லாததில் தொடங்கி இனிப்பில் முடியுங்கள்.

மணல்மேடு:
டெமி செக்கை இவர்கள் எல்லோரும் இளக்காரமாகப் பேசுவார்கள், நம்பாதீர்கள். எங்கள் ஊர் பச்சை மிளகாய்க் குழம்பு, பன்றிக்கறியோடோ இல்லாமலோ, ஒரு கிண்ணம் வாங்கி அதோடு குடித்துப் பாருங்கள். காரத்துக்கு அந்த இனிப்பு சரியாக உட்காரும். ப்ரூட்டுக்கு உப்பும் எண்ணெயும்தான் ஜோடி: சிப்ஸ், மெதுவடை, அப்பளம். அக்டோபர் என்றால் மிளகாய் வறுக்கும் வாசனை இன்னும் ஊரில் மிச்சம் இருக்கும், அதை மோந்துகொண்டே வாருங்கள்.

உப்புக்கண்டம்:
மன்னிக்கவும். குடும்பத்தோடு, அதிலும் பெரியவர்களோடு போகிற பயணத்தில் இது தேவையா? "சுவைத்துப் பார்ப்பது" என்று பெயர் வைத்தால் குடி குடி இல்லாமல் போய்விடுமா?

ஆல்ப்ஸ்காரி:
போகாது. அவர் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வேறு இடம் கேட்கிறார். உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

உப்புக்கண்டம்:
சாண்டியா ரோப்கார் இருக்கிறது. 1966இல் இருந்து ஓடுகிறது, 2.7 மைல் நீளம். மேலே 10,378 அடி. சாயங்காலம் சூரியன் இறங்கும்போது மலை தர்பூசணி நிறமாகும். சாண்டியா என்றால் ஸ்பானிய மொழியில் தர்பூசணி. பெரியவர்களுக்கு அதைக் காட்டுங்கள், புண்ணியமாவது கிடைக்கும்.

நைட்ஷிப்ட்:
நர்ஸ் என்பதால் இங்கே ஒரு குறுக்கீடு. டல்லாஸ் 430 அடி. ஒரே நாளில் 5,000 அடிக்கு வந்து, மறுநாள் பெரியவர்களை 10,000 அடிக்கு ஏற்றாதீர்கள். மாமனாருக்கு இருதய, நுரையீரல் தொந்தரவு ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சான்டா ஃபேயே 7,000 அடி. மேலே ஏறும் திட்டத்தை இரண்டு, மூன்று நாள் தங்கிய பிறகு வையுங்கள். தண்ணீர் நிறைய.

குடிக்கிறவர்களுக்கும் ஒன்று. "உயரத்தில் ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸுக்குச் சமம்" என்று சொல்வார்கள். உயரம் ஏறியதால் ரத்தத்தில் ஆல்கஹால் இரட்டிப்பாவதில்லை. ஆனால் உயரத்தால் வரும் தலைவலியும் அசதியும் தூக்கக் கெடுதலும் குடியால் வருவது போலவே இருக்கும், காற்று வேறு உடம்பில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும். இரண்டும் சேர்ந்தால் மறுநாள் பலூன் பார்க்க விடிகாலை நாலு மணிக்கு யாரும் எழ மாட்டீர்கள். கவுண்டரில் துப்பும் கிண்ணம் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். நியூ மெக்சிகோவிலும் ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம்தான், சின்னச் சின்ன கிளாஸாக ஊற்றும்போது எவ்வளவு உள்ளே போயிற்று என்றே தெரியாது.

வைகைக்கரை:
மாமனாருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. ரோப்காரைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறேன், அதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன். ஓட்டுவது நான்தான், எனவே சொவாஜ் ஒரு வாய், அதுவும் துப்பிவிடுவேன். இன்னொன்று, ஆலைக்குள் என்ன பார்ப்பது? வெறும் தொட்டிகள்தானா?

மணல்மேடு:
சுற்றிக் காட்டும் நேரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு வாருங்கள், திருவிழா வாரத்தில் கூட்டம் இருக்கும். தொட்டி எல்லா ஒயினரியிலும் ஒன்றுதான், அங்கே நேரம் செலவழிக்காதீர்கள். பார்க்க வேண்டியது பாட்டில் அடுக்கு. ஷாம்பெய்னில் செய்கிற அதே முறை: முதலில் நுரையில்லாத புளித்த ஒயின். அதில் லிட்டருக்கு 24 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, சோடா பாட்டில் மூடி அடித்து, படுக்க வைத்துவிடுவார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கும், வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரையும். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகத் தங்கும். அந்த வண்டலோடேயே மாதக்கணக்கில், சிலது வருடக்கணக்கில் கிடக்கும். ரொட்டி வாசனை என்று சொல்கிறார்களே, அது இந்தச் செத்த ஈஸ்டின் உபயம்.

அப்புறம் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவர பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துத் தினமும் கொஞ்சம் திருப்ப வேண்டும். பழைய காலத்தில் கையால், வாரக்கணக்கில். இப்போது நூற்றுக்கணக்கான பாட்டிலைக் கூண்டில் வைத்து இயந்திரம் திருப்பும், சில நாளில் முடிந்துவிடும். கடைசியில் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் வண்டல் ஒரு பனிக்கட்டித் துண்டாகத் துள்ளி வெளியே விழும். அந்தத் துள்ளல் உங்கள் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். குறைந்த இடத்தைக் கார்க் அடிக்கும் முன் ஒயினும் சர்க்கரையும் சேர்த்து நிரப்புவார்கள். ப்ரூட்டா டெமி செக்கா என்று முடிவாவது அந்த நிமிடத்தில்.

பெரியவர்களுக்கு இது பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். குடிக்காதவர்களுக்கும் ஒரு தொழிலைப் பார்ப்பதில் என்ன?

பழையகணக்கு:
இவ்வளவு பேசிவிட்டு பழைய கதையை விட்டுவிட்டீர்களே. நியூ மெக்சிகோவில் ஒயின் 1984இல் தொடங்கியதாக யாரும் நினைக்க வேண்டாம். 1629இல் கார்சியா தெ சுனிகா, அந்தோனியோ தெ ஆர்த்தேகா என்ற இரண்டு துறவிகள் செனேகு என்ற இடத்தில், இன்றைய சொகோரோவுக்குத் தெற்கே, திராட்சை நட்டார்கள். பூசைக்கு ஒயின் வேண்டும், ஸ்பெயினில் இருந்து வருவதற்குள் கெட்டுப்போகிறது; கொடியை வெளியே கொண்டுபோகவும் ஸ்பெயின் அரசு தடை போட்டிருந்தது. தடையை மீறித்தான் நட்டார்கள். கலிஃபோர்னியாவில் துறவிகளின் முதல் மிஷன் குடியிருப்பு வந்தது 1769இல். நடுவில் 140 வருடம்!

அப்புறம் மதுவிலக்கு வந்தது, 1943இல் ரியோ கிராண்டே வெள்ளம் வந்தது, மிச்சமிருந்த தோட்டங்களும் போயின. எண்பதுகளில் ஐரோப்பியர் வந்து நட்டது இரண்டாவது தொடக்கம்தான். க்ரூயே குடும்பம் வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை.

வேதிக்கிறுக்கன்:
நல்ல தகவல். வாங்கி வருவது பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலைக் காரில் வைத்துவிட்டு ஊர் சுற்றாதீர்கள். அக்டோபர் என்றாலும் நியூ மெக்சிகோ வெயிலில் மூடிய கார் அடுப்பாகும். குளிர்ந்திருக்கும்போது ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கும். சூடேறினால் இன்னும் பல படி ஏறும். பாட்டில் தாங்கலாம், ஒயின் தாங்காது. ஐஸ்பெட்டி எடுத்துப் போங்கள்.

திறக்கும்போது நன்றாகக் குளிர வைத்து, கார்க்கை விடாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். சான்டா ஃபே ஹோட்டல் அறையில் திறந்தால் டல்லாஸை விட நுரை கொஞ்சம் வேகமாகப் பொங்கும். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் கூட.

மாமனார் மாமியார் ஊருக்குப் போகும்போது யாருக்காவது கொடுத்தனுப்ப நினைத்தால், கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வைக்கலாம். விமானத்தில் வெடிக்கும் என்று பயப்பட வேண்டாம், சரக்கு அறையிலும் அழுத்தம் சீராகத்தான் வைத்திருப்பார்கள். இந்தியாவில் தீர்வையில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர் வரை.

உப்புக்கண்டம்:
அந்தப் பெரியவர்கள் பெட்டியிலா? நல்லா இருக்கு நியாயம்.

வைகைக்கரை:
இல்லை ஐயா, பெட்டியில் முந்திரிதான் போகும்.

முடிவு செய்துவிட்டோம். முதல் இரண்டு நாள் ஆல்புகர்க்கி, ஒரு மதியம் க்ரூயே. பெரியவர்கள் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு விருப்பமிருந்தால் உட்காருவார்கள், இல்லையென்றால் நான் அவர்களைப் பழைய நகரச் சதுக்கத்துக்குக் கூட்டிப் போகிறேன். மனைவி நிதானமாகச் சுவைக்கட்டும். சான்டா ஃபே போய்த் திரும்பும்போது வாராவில் ஒரு நிறுத்தம். கடைசி நாள் டாக்டர் சரி என்றால் ரோப்கார். எங்கிள் இந்தத் தடவை இல்லை.

மணல்மேடு:
நல்ல திட்டம். அறை இன்னும் போடவில்லை என்றால் இன்றே போடுங்கள். திருவிழா நடக்கும் ஒன்பது நாளும் ஊரில் விலை எக்கச்சக்கம். பலூன் மைதானத்தில் இருந்து ஒயினரி ரொம்பத் தூரமில்லை, ஆனால் காலையில் அந்தப் பக்கம் வண்டி நகராது. மதியத்துக்கு மேல் போங்கள். டல்லாஸை விட இங்கே ஒரு மணி நேரம் பின்னால், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மாகேட்டேன்:
போய்விட்டு வந்து "அருமை, அற்புதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். வாங்கிய பாட்டில்களின் லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள். என்ன ஊர்ப் பெயர் இருக்கிறது என்று பார்த்த பிறகு மிச்சத்தைப் பேசலாம்.